அபூ உக்லாவின் காலும் அறுபத்திரண்டு புறாக்களும்

முப்பத்தைந்து வருஷம் சிரியாவின் தர்ஆ நகரத்தில் தபால் கொடுத்தவன் நான். நாலு லட்சம் கதவு தட்டியிருப்பேன். என்னைக் கடித்த நாய்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு படைப்பிரிவு தேறும். ஓய்வு பெற்ற கையோடு சண்டை வந்தது. எல்லையைத் தாண்டி ஜோர்டானின் ரம்தாவில் என் மகள் லமீஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பதிமூன்று வருஷமாகிறது. சும்மா உட்கார்ந்தால் மகள் வெண்டைக்காயையும் கத்தியையும் கொண்டுவந்து வைக்கிறாள். அதற்குப் பயந்துதான் பேட்டைச் சுகாதார நிலையத்தில், வீடு வீடாகப் போகும் தொண்டர் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். கதவு தட்டத் தெரியும் என்றேன். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

நர்ஸ் தக்ரீத்துக்கு நான் பை தூக்கி. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் ஊசியும் அந்தப் பையில்தான். அவளுக்கு என் மகள் வயது. வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே மாமியார் மாதிரி அதிகாரம் செய்வாள். வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்குப் பத்து வீடு. அதில் ஏற முடியாத வீடு ஒன்று உண்டென்றால் அது ஃபய்யாதின் வீடு. எனக்கு ஒன்றுமில்லை, போங்கள் என்று கதவிடுக்கு வழியாகவே விரட்டிவிடுவார். முகம் மட்டும் மாதுளம்பழம் போலச் சிவந்திருக்கும்.

அபூ உக்லா அப்படியில்லை. கதவைத் திறப்பார், காபி ஊற்றுவார், நாம் சொல்லும் எதையும் கேட்கமாட்டார். ஒரு காலத்தில் தமாஸ்கஸுக்கு டாக்ஸி ஓட்டியவர். இப்போது மொட்டைமாடியில் புறா வளர்க்கிறார். அறுபத்திரண்டு புறா. மகன்கள் இரண்டு பேரும் குவைத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தக்ரீத் அவருடைய காலுறையைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றார். அவளே உருவினாள். பெருவிரல் தணலில் சுட்ட கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மாடியில் ஆணி குத்தி மூன்று வாரமாம்.

“வலிக்கவே இல்லையேம்மா” என்றார்.

“வலிக்காததுதான் பெரியவரே பயமா இருக்கு. சர்க்கரை உங்க காலைச் செத்துப்போக வச்சிருக்கு. வியாழக்கிழமைக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்ந்தா விரலோட போகும். அடுத்த வாரம்னா முழங்கால்.”

அவர் சிரித்தார். வெயில் அதிகம் என்றார், ஆஸ்பத்திரிச் சோறு ஆகாது என்றார், மகன்கள் வரட்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் பதினேழு சாக்கு. எங்களை வழியனுப்ப வாசலுக்கு வந்த அவர் மனைவி உம்மு உக்லா நாலு வீடு தள்ளியிருந்த ஒரு மாடியை மோவாயால் காட்டினாள். ஃபய்யாதின் மாடி. அங்கேயும் புறாக்கூண்டு.

விஷயம் புரிந்துவிட்டது. இந்த இருவருக்கும் பத்தொன்பது வருஷமாக ஆகாயத்தில் யுத்தம். ஒருவர் புறா இன்னொருவர் மாடியில் இறங்கினால் இறங்கிய மாடிக்காரருக்குச் சொந்தம். அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். கூண்டிலேயே அடைத்துவைத்தால் புறா பறப்பதை மறந்துவிடும்; எஜமான் ஒரு வாரம் மாடியில் நின்று விசிலடிக்கவில்லை என்றால், ஃபய்யாத் தன் கூட்டத்தைப் பறக்கவிட்டு அத்தனையையும் தன்னோடு இறக்கிக்கொள்வார். புறாவை விட்டுவிட்டு அபூ உக்லா எந்த ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் என் பெரிய ஆயுதத்தை எடுத்தேன். அவர் நீட்டிய காபியை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். கேட்க ஒன்று இருக்கிறது, கொடுக்கிறேன் என்று நீ சொல்லும்வரை உன் காபி என் தொண்டையில் இறங்காது. பெண் கேட்கப் போகிறவர்களும் கொலைப்பகையைத் தீர்க்கப் போகிறவர்களும் இப்படித்தான் செய்வார்கள். விருந்தாளியின் காபி ஆறிப்போவதைவிட ஒரு வீட்டுக்காரருக்கு அவமானம் வேறில்லை. தக்ரீத்தும் தன் கோப்பையை வைத்தாள்.

அபூ உக்லா வயிறு குலுங்கச் சிரித்தார். என் கோப்பையை எடுத்து அவரே குடித்தார். பிறகு அவளுடையதையும் குடித்தார்.

“யோவ் தபால்காரா, பெரிய மனுஷங்க பத்துப் பேரு வந்து வச்சா அது மரியாதை. நீயும் நர்ஸும் வச்சா அது ஆறிப்போன காபி. காலையில என் புறா உங்க ஊர் மேல ஒரு சுத்து சுத்திட்டு பத்து மணிக்கு வீடு திரும்பிடுது. உனக்குப் பதிமூணு வருஷமா வழி தெரியல. நீ எனக்கு வழி சொல்ல வந்துட்ட.”

சுருக்கென்று தைத்தது. தெருவில் இறங்கியதும் தக்ரீத் இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது என்றாள். போதும் என்றேன். எப்படி மாமா என்றாள். எப்படி என்று எனக்கும் தெரியாது. அவரை அந்தக் காலோடு நடத்தியே ஆஸ்பத்திரிக்குள் அனுப்பப் போகிறேன் என்பது மட்டும் தெரியும்.

பெரிய மனிதர்களைப் பிடிப்பது எளிதாக இருந்தது. பள்ளிவாசல் இமாம் ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் பாதிப் பேரைப் பிரம்பால் அடித்த பழைய தலைமையாசிரியர் முஃப்லிஹும் ஒப்புக்கொண்டார். மீதிப் பாதியை அவர் அழைத்து வந்தார். கஷ்டம் ஃபய்யாத்தான். ஒரே நாளில் மூன்று முறை கதவைத் தட்டினேன். மூன்றாவது முறை திறந்தார்.

“நான் புறாவைத் தொடமாட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்?” என்றார். “அடுத்தவன் புறாவைப் பிடிச்சுட்டு இல்லைன்னு சத்தியம் பண்றவன், புறாக்காரன் சாட்சி கோர்ட்டுலயே செல்லாதுன்னு சொல்லுவாங்க. அந்த ஆளு என் வாக்கை வாங்கிப் பல்லுதான் குத்துவாரு.”

நான் கெஞ்சவில்லை. கால் போன மனுஷன் மாடி ஏறமாட்டான் என்றேன். கூண்டையும் புறாவையும் யாராவது தூக்கிப் போவார்கள், அப்புறம் இந்த ஆகாயம் முழுக்க உனக்கே. யாரை ஜெயிக்கப் போகிறாய், காக்காயையா?

ஃபய்யாத் அபூ உக்லாவின் மாடியை நிமிர்ந்து பார்த்தார். “நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்றார்.

புதன்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அபூ உக்லா வீட்டுக்குள் நுழைந்தோம். ஒன்பது பேர். நான் மற்றவர்களிடம் சொல்லும்போது நாற்பது. முஃப்லிஹ் வாத்தியார் நடுவில், மற்றவர்கள் வயது வரிசையில், வந்தேறியான நான் செருப்புக்குப் பக்கத்தில். காபி சுற்றி வந்தது. ஒன்பது கோப்பையும் ஒரே சத்தத்தோடு கீழே இறங்கியது. அபூ உக்லாவின் பார்வை ஃபய்யாத்மேல் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். உன்னிடம் ஒரு கால் கேட்டு வந்திருக்கிறோம் என்றார். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போ. நீ திரும்பும்வரை ஃபய்யாத் உன் புறா ஒன்றையும் பிடிக்கமாட்டான், தானாக இறங்கினாலும் திருப்பித் தந்துவிடுவான். ஃபய்யாத் தலையசைத்தார்.

“அவன் வாக்குக்கு யாரு பொறுப்பு?” என்றார் அபூ உக்லா.

இமாம் தாடியைத் தடவினார். வாத்தியாருக்குத் திடீரென்று கூரையில் ஏதோ தெரிந்தது. இன்னொருவருக்கு இருமல் வந்தது. கொலைகாரனுக்குக்கூட ஜாமீன் நிற்பார்கள். புறாக்காரனுக்கு எவன் நிற்பான்? காபி ஆறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் உம்மு உக்லா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செருப்புப் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன். “நான் பொறுப்பு.”

“நீயா? நீ வெளியூர்க்காரன்.”

“அதனாலதான். இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு மாடி இல்ல. எந்தப் புறாவும் என் பக்கம் இறங்காது. காலையிலயும் சாயங்காலமும் நானே உன் மாடி ஏறுறேன், தீனி போடுறேன், எண்ணுறேன்.”

“ஒண்ணு குறைஞ்சா?”

“பள்ளிவாசல் வாசல்ல உட்கார்ந்து மீசையை மழிச்சுக்கறேன்.”

என் மீசையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. தர்ஆவில் அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வந்ததுண்டு. அபூ உக்லா அதை இடது முனையிலிருந்து வலது முனைவரை அளந்தார். பிறகு கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தார்.

“காபியைக் குடிங்க. கேட்டது கிடைச்சுது” என்றார்.

ஆறிய காபி அவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

பதினோரு நாள். நாற்பத்தெட்டுப் படி, நாளைக்கு இரண்டு முறை. கறுப்புத் துணி கட்டிய நீளக்கழியைச் சுழற்றி நான் புறா விட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போனில் அபூ உக்லா திட்டிக்கொண்டே இருந்தார். விசிலை வாயால் அடி, மூக்கால் அடிக்காதே என்றார். என் தலைமேல் புறாக்கள் எச்சமிட்டதை உம்மு உக்லா அதிர்ஷ்டம் என்றாள். அப்படியானால் அந்தப் பதினோரு நாளில் ஜோர்டானிலேயே பெரிய அதிர்ஷ்டக்காரன் நான்தான். ஐந்தாம் நாள் மூன்று புறா வழிதவறி ஃபய்யாத் மாடியில் இறங்கின. என் கை தானாக மீசைக்குப் போனது. அடுத்த நிமிஷம் ஃபய்யாத் கைதட்டி அவற்றைக் கிளப்பிவிட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அபூ உக்லா ஒரு விரல் குறைந்து, கால் முழுசாக வீடு வந்தார். படி ஏறக்கூடாது என்று தக்ரீத் கண்டித்துச் சொன்னாள். அவர் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். என்னை எண்ணச் சொன்னார்.

அறுபத்து மூன்று.

கூடுதலாக, அன்றைக்குப் பறந்த கூட்டத்தோடு சேர்ந்து இறங்கியது வெள்ளைத் தலைப் பெட்டை ஒன்று. ஃபய்யாதின் செல்லம். நான் பொறுப்பேற்றது ஒரு பக்கத்துக்குத்தான். மறுபக்கம் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

மறுநாள் தக்ரீத் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது ஃபய்யாத் தனியாக வந்தார். உட்கார்ந்தார். கொடுத்த காபியைத் தரையில் வைத்தார். அபூ உக்லாவின் முகத்தில் பத்தொன்பது வருஷச் சந்தோஷம். காபி ஆறுவதை ரசித்துக்கொண்டிருந்தார். நான் அவர் காதருகே குனிந்து ஒன்று சொன்னேன். அவர் கண் பளபளத்தது.

“பெட்டை வேணும்னா சட்டைக் கையைச் சுருட்டு” என்றார். “தபால்காரர் அந்த பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுத்தட்டும்.”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றார் ஃபய்யாத்.

“எனக்கும் ஒண்ணுமில்லாமத்தான் இருந்துச்சு” என்று அபூ உக்லா காலைக் காட்டினார்.

ஃபய்யாத் கோப்பையைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், கையை நீட்டினார். நூற்று எண்பத்தாறு. இது உண்மையான எண், நான் கூட்டிச் சொல்லவில்லை. தக்ரீத் பையிலிருந்து புதிய அட்டை ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதினாள். காபியைக் குடிக்கலாமா என்று அவளிடம்தான் கேட்டார்.

“இன்னைக்கு மட்டும்” என்றாள்.