ஊற்றினால் போதும்

"தேய்க்காதீங்க ரொகயாம்மா!"

தர்சி எட்டி, குளிப்பாட்ட வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு நுரை இருவர் கையிலும் வழிந்தது.

கொல்லையில், துணி மறைப்புக்குள், வாழைத்தடிகளின் மேல் தங்கை யந்தியின் உடல் கிடந்தது. இருபத்திரண்டு வயது. பார்த்தவர்கள் பன்னிரண்டு என்பார்கள்.

"அழுக்குப் போகணுமேடி."

"அவ மேல அழுக்கு ஏது? தெனம் ரெண்டு மணி நேரம் நான்தானே கழுவுறேன். தேய்ச்சா தோலு கையோட வந்துரும்."

பிறவியிலேயே வந்த நோய். தொட்ட இடம் கொப்புளமாகும், கொப்புளம் புண்ணாகும். உள்ளே மூத்திரப் பாதையும் அப்படித்தான் புண்ணாகி, தழும்பேறி அடைத்துக்கொண்டது. அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். செமாராங் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதித் தந்த நோயின் பெயர் வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

"செத்தா என்னைத் தேய்க்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் மைக்ல சொல்லச் சொன்னாளே இவ, ஞாபகமிருக்கா?" என்றாள் தர்சி.

ரொகயா சிரித்துவிட்டாள். "வாயாடி." சோப்பைக் கீழே வைத்தாள். "தண்ணி ஊத்தினாலே போதும்மா. மார்க்கத்துல இடமிருக்கு. அந்தக் குழாய மட்டும் நீயே எடுத்துரு. எனக்குக் கை வராது."

குழாயை இரண்டு பட்டைகள் வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்தன. தினமும் தர்சி பட்டையின் ஓரங்களில் தேங்காய் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டுத்தான் எடுப்பாள். கொஞ்சம் அவசரப்பட்டாலும், "ஸ்ஸ்... கசாப்புக்கடைக்காரி!" என்று யந்தி கத்துவாள்.

மூன்று நாளாகத் தர்சி கண் மூடவில்லை.

"லுஹர் தொழுகைக்குள்ள முடிச்சிருங்க!" மறைப்புக்கு வெளியே பெரியப்பாவின் குரல்.

"இதோ, ஆச்சு!" என்றாள். விரல் பட்டையின் நுனியைத் தேடிப் பிடித்தது. இழுத்தது.

பட்டையோடு தோலும் வந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

தர்சியின் கை அப்படியே நின்றது. தங்கையின் முகத்தருகே குனிந்து காத்திருந்தாள். வாழைத்தடிகளுக்கு இடையே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ரொகயா செம்பை எடுத்தாள். அந்த இடத்தை விட்டுத் தள்ளி, மெல்லத் தண்ணீர் ஊற்றினாள்.

தர்சி எழுந்து அடுக்களைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியோடு வந்தாள்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"இன்னொரு பட்டை இருக்கு."

ஓரம் ஓரமாக எண்ணெயை விட்டாள். பிறகு ஈரத்தரையில் குந்திக்கொண்டாள்.

"என்னம்மா, ஆச்சா?" என்றார் பெரியப்பா.

ரொகயா செம்பைக் கீழே வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கால் மணி நேரமாவும்," என்று குரல் கொடுத்தாள்.