தங்கச்சியின் பங்கு

தராசு முள் தொண்ணூற்று நான்கில் நின்றது. வரிசையில் நின்ற, கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பாலாம்பிகை அதைக் கவனிக்காதவள்போல இறங்கி, இரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம், போர் நடந்துகொண்டிருந்த காலம். உடற்பருமனையும் பரம்பரையையும் பற்றிய ஆய்வுக்காகப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு விமலநாதன் வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். வழியிலிருந்த சோதனைச்சாவடியில் அவனுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரத்தக் குழாய்களுக்கான ஐஸ் பெட்டியையும் கிளறிவிட்டே அனுப்பியிருந்தார்கள்.

தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டான். காலையில் ரொட்டியும் சம்பலும், இரவில் சோறு, பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறிப்பது. மற்றவர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத்தான் அவள் தயங்கினாள்.

"அண்ணன் ஒருத்தர் இருக்காரு. தங்கச்சி எழுவத்து நாலுப் பஞ்சத்துல செத்துப்போச்சு. அது பங்கையும் நான் தின்னுட்டேன்னு சொல்வாங்க, சேர்."

அப்போது அவளுக்கு ஆறு வயது. தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் எலும்பும் தோலுமாகக் கிடக்க, அவள் உடம்பு மட்டும் அவ்வளவாக வற்றவில்லை. அதுதான் அவளுக்கு எதிரான ஒரே சாட்சி. அண்ணன் அழகையா அதே லயத்து வரிசை வீடுகளில் நாலு கதவு தள்ளி இருந்தார். அவள் கல்யாணத்துக்கு வந்தும் பந்தியில் உட்காரவில்லை. அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

எட்டு மாதம் கழித்து முடிவைச் சொல்ல விமலநாதன் மறுபடியும் வந்து, அவள் வீட்டில் உட்கார்ந்தான். பாலாம்பிகை போய் அண்ணனைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் வாசலைத் தாண்டவில்லை. தூறலில் நின்றே கேட்டார்.

"சில பேருக்குக் கொழுப்பைக் கரைக்கிற நொதியம் பிறப்பிலேயே கொஞ்சம் மந்தமா வேலை செய்யும், அக்கா," என்றான் விமலநாதன். "உங்களுக்கும் அப்பிடித்தான். மற்ற ஆக்கள் சாப்பிடுற அளவே சாப்பிட்டாலும் உங்கட உடம்பு கூடச் சேர்த்து வைக்கலாம். ஆனா அது மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது."

"அப்ப நான் அது பங்கத் திங்கலையா?"

தின்னவில்லை என்று சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று விமலநாதனுக்குத் தெரிந்தது. ஆனால் இரத்தம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"உடம்பைப் பார்த்து யாரும் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

வாசலில் நின்ற அழகையா தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தார். ஒருமுறை பிழிந்தது போதாதென்று மறுபடியும் பிழிந்தார்.

"அம்மா மலைக்குப் போறப்ப ரொட்டிய எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போகும்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "மூணு பேருக்கும் பங்கு வச்சது நான்தான், பாலா. எனக்கு அப்ப பதினோரு வயசு. பசி."

முப்பத்து மூன்று வருடம் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பதென்று பாலாம்பிகைக்குத் தெரியவில்லை. அழவேண்டும் போலவும், அவர்மேல் பாய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. விமலநாதன் பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

மழை வலுத்தது. தகரக் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் அழகையாவின் தோளில் இறங்கியது. அவர் நகரவில்லை. அவள் உள்ளே வரச் சொல்லவுமில்லை. கதவின் மேல் கையை வைத்தபடி, மூடாமல் நின்றாள்.