விருந்தாளி மூக்கு

எண்ணெய்க் கிணறுகளின் ஊரான மஸ்ஜெத் சுலைமானுக்கு மருமகளாக வந்த முதல் நாளே மஹ்நாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகிய முட்டை நாற்றம். மண்ணுக்கு அடியில் எண்ணெயோடு கிடக்கும் வாயு அந்த ஊரில் வீட்டுத் தரை வெடிப்புகள் வழியாகக்கூட மேலே வரும்.

"நாத்தமா? எங்க?" என்றார் மாமனார் குதாகரம். எண்ணெய் வயலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இது எங்க ஊரு அத்தரும்மா."

"விருந்தாளி மூக்கு, விடுங்க," என்றாள் மாமியார் கோஹர். "பழகிடும். பழகுற அன்னிக்கு ஆடு அறுப்போம். நான் வந்தப்ப எனக்கும் அறுத்தாங்க."

"இவ மூக்கு லேசுல பழகாது. கஞ்சத்துக்குப் பேர் போன இஸ்ஃபஹான்காரி ஆச்சே, மூச்சைக்கூட யோசிச்சுதான் இழுப்பா," என்றார் அவர்.

மஹ்நாஸ் சிரித்தாள். அவள் பேச்சு குறைவு. கணவன் அலியாருக்கு அஹ்வாஸ் நகரத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். மற்ற நாட்களில் சன்னலோரம் புத்தகத்தைத் திறந்துவைத்து, பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். நாற்றம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் அது எங்கே போய்விட்டது? போனதை இவர்கள் கவனித்தார்களா? தனக்கும் அது நாளுக்கு நாள் மங்கி வருவதை அவள் ஆசையோடு கவனித்தாள். பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழாமல் போவதுபோல மெதுவாக.

ஒரு நாள் தொலைக்காட்சியில் எண்ணெய் அதிகம் எடுக்கும் நாடுகளை வரிசையாக வாசித்தார்கள். அமெரிக்கா, சவூதி, ரஷ்யா. குதாகரம் தேநீர்க் குவளையை டக்கென்று வைத்தார். "இந்தச் சீமையிலேயே முதல் கிணறு பீறிட்டது இங்க! நம்ம பேரைக் கீழ தேட வேண்டியிருக்கு."

"பந்தாட்டத்துல தோத்த மாதிரி மூஞ்சியைப் பாரு," என்றாள் கோஹர்.

மஹ்நாஸ் கேட்டாள்: "முதல் இடத்துல இருக்கற நாட்டுலயும் வீட்டுக்குள்ள இப்படி அடிக்குமா, மாமா?"

அவர் யோசித்தார். "அதை யாரும் வாசிக்கறதில்லையே."

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, ஊறுகாய் எடுக்க அவள் நிலவறைக்கு இறங்கினாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. இரண்டு மூச்சு. பிறகு ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. கண் எரிய, தலை கனக்க, முற்றத்துக்கு வந்தாள்.

"அத்தை, நாத்தம் போயிடுச்சு."

கோஹர் ஓடிவந்து அவள் நெற்றியில் முத்தமிட்டாள். "இனி நீ எங்க பொண்ணு! ஏங்க, ஆட்டுக்குச் சொல்லி அனுப்புங்க."

"ஆடு அப்புறம். அந்தப் பழைய பூண்டு ஊறுகாய் இன்னிக்குத் திறந்தே ஆகணும்," என்று குதாகரம் நிலவறைப் பக்கம் நடந்தார்.

மஹ்நாஸ் அசையாமல் நின்றாள். ஏதோ பொருந்தவில்லை. இத்தனை நாள் மங்கி வந்தது இன்று கத்தரியால் வெட்டினாற்போல் நின்றதே? சற்று நேரம் காற்றில் நின்றதும், மெல்லிய இழையாக அது மூக்குக்குத் திரும்பி வந்தது.

"மாமா, நில்லுங்க! இங்க அடிக்குது. கீழ அடிக்கல."

அவர் கால் படியில் இருந்தது. "அதனால என்ன?"

"கீழதானே அதிகமா இருக்கணும்? இறங்கினதும் பலமா அடிச்சுது. அப்புறம் சட்டுனு நின்னுபோச்சு."

"சட்டுனா?"

"ஆமா."

அவர் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். "கோஹர்! எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வெளிய வா. மேட்டுக்கு நட, காத்துக்கு எதிரா!"

மேட்டில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார்கள். எண்ணெய் அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று.

"வயல்ல முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க," என்றார் குதாகரம். "பலமா அடிச்ச நாத்தம் சட்டுனு நின்னா, மூக்கு செத்துடுச்சு, அடுத்தது நீதான், ஓடுன்னு. எத்தனை தடவை ஓடியிருக்கேன். வீட்டுல அது ஞாபகமே வரல."

"வீட்டுல யாருக்கு அடிச்சுது, நிக்கறதுக்கு?" என்றாள் கோஹர். "இதுக்குப் போய் அன்னிக்கு எனக்கு ஆடு அறுத்தாங்க."

முகமூடி அணிந்த ஆட்கள் உள்ளே போனார்கள். வெளியே வந்து, இப்போதைக்கு யாரும் வீட்டுக்குள் போகக் கூடாது என்றார்கள். எப்போது போகலாம் என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

குதாகரம் மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அது எப்படி இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு."

அவள் காற்றை முகர்ந்தாள். "முதல்ல முட்டைதான். அப்புறம், தீக்குச்சியைக் கிழிச்சு அணைச்ச மாதிரி. அதுக்கும் அடியில இனிப்பா ஒண்ணு இருக்கு மாமா. அது என்னன்னு இன்னும் பிடிபடல."

அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இப்ப அடிக்குதா?"

"லேசா."

"நல்லது," என்றார். "அடிக்கட்டும்."