மூன்றில் இரண்டு

புதுப் புற்றுநோய் மருந்தை உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற முதல் கட்டச் சோதனை அது. முன்பெல்லாம் அடுத்து எவ்வளவு கொடுப்பது என்பதை எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அனுப்பும். ஏன் என்று ஒருவருக்கும் விளங்காது, அதனால் ஒருவரும் வாதாடவும் மாட்டார்கள். இந்த முறை எல்லாம் ஒரே தாளில் அடக்கம். மூன்று பேரில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தால் அதே அளவை இன்னும் மூவருக்குக் கொடு. இருவருக்கு வந்தால் அளவைக் குறை. தாளைச் சுவரில் ஒட்டியது நர்ஸ் விஜிதாதான்; நோயாளிகளுக்கு அவள் மிஸ்ஸி. நோயாளிகளும் படிப்பார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

செபஸ்தியன் படித்துவிட்டார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் இருபது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவருக்கு, எவ்வளவு பளு தாங்கும் என்கிற பட்டியல் புதிதா என்ன? இந்த அளவில் மருந்து வாங்கிய மூவரில் அவர் கடைசி. முன்னால் வந்த தயானந்தன் வயிற்றுப்போக்கில் வார்டில் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அளவு முடிவாகிற நாள் இன்று.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"ஓகே லா மிஸ்ஸி."

காலையிலிருந்து இவர் ஆறாவது ஆள். விஜிதாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்படியே எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம் போலிருந்தது. இ.சி.ஜி. எடுத்து முடித்து, சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் மாட்டிக்கொண்டு பொத்தான் போடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கத்தரின் அவசரமாக வந்து பொத்தானில் கை வைத்தார்.

"அவரே போடட்டும்கா" என்றாள் விஜிதா.

முதல் பொத்தானிலேயே விரல்கள் வழுக்கின. மூன்று தடவை முயன்றுவிட்டுக் கையைக் கீழே போட்டார்.

"எழுதாதீங்க மிஸ்ஸி. எழுதுனா ரெண்டாயிடும், டோஸக் குறைச்சிடுவாங்க. இதுலதான் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கு."

"இதே டோஸுக்கு இன்னும் மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காங்கண்ணே."

"அவங்களுக்குக் குறைச்சுக் குடுங்க. எனக்கு மட்டும்..."

அவர்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. விஜிதா பேனாவை எடுத்து, விரல்களில் நரம்புப் பாதிப்பு, கடுமை என்று எழுதினாள்.

அவர் சண்டை போடவில்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை என்றானதும் இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினார். "நெருப்புல வச்ச மாதிரி எரியுது மிஸ்ஸி. தூக்கமே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"போன வாரம் நீங்க கேட்டப்பவே இருந்துச்சு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். நீங்க நிமிர்ந்தே பாக்கல."

தொடங்கிய நாள் என்ற இடத்தில் விஜிதா, தானே 'நலம்' என்று எழுதியிருந்த போன வாரத் தேதியைப் போட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.