ஃபுல்லிலேயே நின்ற முள்

எருமப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அம்பாசிடர் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. பெட்ரோல் முள் ஃபுல் காட்டியது. கோகிலவாணி இறங்கி, வண்டியின் பின்பக்கத்தை ஆட்டிக் காது கொடுத்தாள். சளக்கென்று ஒரு சத்தமும் இல்லை. டேங்க் காய்ந்து கிடந்தது. பஸ் ஏறித் தங்கையின் வளைகாப்புக்குப் போனபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, அவளைவிட மூத்தது. போன மாதம் அவள் பேங்க் ட்ரெயினிங்குக்குச் சென்னை போயிருந்தபோது, கணவன் இளஞ்செழியன் டேங்கைக் கழற்றித் துருவைத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தான். திரும்பி வந்தவளுக்கு அதைக் காட்டுவதற்காகப் பாய் விரித்து, காருக்கடியில் படுக்க வைத்தான். பக்கத்தில் அவனும் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தான். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் டிக்கியைத் திறந்தாள்.

"மீட்டரு போயிருக்கும். சேலத்துல பழசு கெடைக்கும், வாங்கியாரேன்" என்றான் அவன்.

"இருங்க, பாத்துட்டு வாங்கிக்கலாம். சாவியப் போட்டு முள்ளப் பாருங்க."

டேங்கின் மேலே, பெட்ரோல் மட்டம் பார்க்கும் மிதவை இருக்கும் மூடியிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, கார் பாடியில் தொட்டாள்.

"எறங்கீருச்சு! காலியில வந்து நிக்குது" என்றான் அவன், முன் சீட்டிலிருந்து.

"அப்ப மீட்டரும் நல்லாருக்குது, ஒயரும் நல்லாருக்குது."

ஒயரைப் பழையபடி மாட்டினாள். வேறொரு துண்டு ஒயரை எடுத்து, மூடியின் திருகாணிக்கும் பாடிக்கும் நடுவில் பிடித்தாள்.

"கால் டேங்க் காட்டுது, கோகிலா!"

நேற்று கேனில் வாங்கி ஊற்றியது அவ்வளவுதான். அவளுக்கு விளங்கிவிட்டது. பாயில் படுத்திருந்த அவன் முகம் ஞாபகம் வந்தது.

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சிருச்சா?"

"எர்த்து கெடைக்கலீங்க. டேங்கு பாடியோட ஒட்டி நின்னாத்தான் எர்த்து. நடுவால பெயிண்டு இருக்குது. கரண்டு திரும்ப வழியில்லாம முள்ளு ஃபுல்லுலயே நிக்குது."

அவன் இறங்கிப் பின்னால் வந்தான். "நா அடிச்ச பெயிண்டா?"

"போல்ட்டுக்கிட்ட கொஞ்சூண்டு சொரண்டுனாப் போதுங்க. வெளிய தெரியாது."

"மூணு கோட்டு அடிச்சேன்" என்றான் அவன், தனக்குத்தானே சொல்வது போல. "அப்ப, நீ ரோட்டுல நின்னது என்னாலயா?"

"துருவ உட்டிருந்தா டேங்கே ஓட்டையாகி, அப்பவும் ரோட்டுலதான் நின்னிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கிக்கொண்டு, தானே காருக்கடியில் நுழைந்தான். போல்ட்டைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை மட்டும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்தான். இறுக்கி முடித்து அவன் வெளியே வரும்வரை அவள் சாவியைத் தொடாமல் காத்திருந்தாள்.

துண்டு ஒயர் இல்லாமலே முள் கால் டேங்கில் வந்து நின்றது.

பெட்ரோல் பங்க்குக்குப் போய் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். மறுபடி சாவியைத் திருப்பியபோது முள் எழுந்து பாதியைத் தாண்டியது. இளஞ்செழியன் குனிந்து, கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை.

"செரி, எடு" என்றான். அவள் கியரைப் போட்டாள்.