பெரியக்கா கையெழுத்துப் போட்ட ஸ்கோப்

கடைச் சொந்தக்காரருக்கு அவள் தங்கை. துப்பாக்கி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் பெரியக்கா. துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் எதுவானாலும் அவள் சோதித்து அட்டையில் கையெழுத்து வைத்த பிறகுதான் விற்பனைக்குப் போகும். இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போடுவாள். வெந்நீர் வாளியில் முக்கி, ஒரு குமிழி வந்தாலும் ஒதுக்கிவிடுவாள். தூரத்துக்கேற்பக் குறியை மாற்றும் திருகை ஏற்றி இறக்கிச் சுட்டும் பார்ப்பாள். மற்ற கடைக்காரர்கள் சரக்கைத் துடைத்து விற்றார்கள். இவள் உதைத்துப் பார்த்து விற்றாள். அந்தப் பெயரை வைத்துத்தான் கடையே ஓடியது.

அன்று காலை வனக்காவலர் ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். தொடையில் பதினேழு தையல். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, பயிற்சியில் நானூறு மீட்டருக்குத் திருகை ஏற்றிச் சுட்டதையும், பிறகு சரியாகப் பழைய எண்ணுக்கே இறக்கிவைத்ததையும் சொன்னார். மறுநாள் பாய்ந்து வந்த பன்றியின் முதுகுக்கு மேலே குண்டு போயிற்று. அடுத்ததைச் சுடுவதற்குள் பன்றி தொடைக்கு வந்துவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் பெரியக்கா. "அது என் கையெழுத்து போட்ட ஸ்கோப்பு."

வாசலில் வேன் நின்றது. அதே ரகத்தில் நாற்பது ஸ்கோப், காட்டிலுள்ள காவல் முகாம்களுக்குப் போகவேண்டியவை. இந்த நேரம் பார்த்துக் குறை சொல்ல ஒருவன் வந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவரைக் கடைக்குப் பின்னாலிருந்த சுடுதளத்துக்குத் தரதரவென்று இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டாள். திருகை ஏற்றிச் சுட்டாள். இறக்கிச் சுட்டாள். நூறு மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் கடைசிக் குண்டு முதல் ஓட்டையிலேயே நுழைந்தது.

"இப்ப சொல்லுங்க, கோளாறு கண்ணாடியிலயா, கண்ணுலயா?"

காவலர் அட்டையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திருகினதும் எதையோ தட்டுனீங்களேக்கா, அது எதுக்கு?"

தான் எதையும் தட்டவில்லை என்று சீறினாள். பக்கத்தில் கிடந்த திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்பைத் தட்டினாள் என்றார் அவர். பொய் சொல்லாதே என்று கத்திவிட்டு, மறுபடி திருகை ஏற்றி இறக்கினாள். கை தானாகத் திருப்புளியை எடுத்து, பாதி வழியில் அப்படியே நின்றது.

போட்டிகளில் சுட்ட காலத்தில் அவளிடம் ஒரு கிழட்டு ஸ்கோப் இருந்தது. உள்ளே சுருள்கம்பி சிக்கிக்கொள்ளும். தட்டினால்தான் குறி இடத்துக்கு வரும். அந்த ஸ்கோப் தொலைந்து இருபது வருஷம் ஆகியும் கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

திருப்புளியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுட்டாள். குண்டு ஒரு சாண் மேலே போயிற்று. சுட்ட அதிர்ச்சியில், இதிலும் சிக்கியிருந்த கம்பி விடுபட்டிருக்க வேண்டும். அடுத்த குண்டு சமர்த்தாகப் பழைய ஓட்டைக்குள் போனது.

"பன்னிகிட்ட, 'கொஞ்சம் இருப்பா, தட்டிட்டு வந்துடுறேன்'னு சொல்லணுமாக்கா?" என்றார் காவலர். அவர் சிரிக்கவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டவர் பதறவே இல்லை. தட்டினால் சரியாகிறதல்லவா, தட்டச் சொல்லி ஒரு வரி அச்சடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம் என்றார். புண்ணுக்குப் புனுகு பூசுவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் அந்த நிதானம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கம்பி கொஞ்சம் வலுவில்லைன்னு சரக்கு அனுப்புறவன் போன வருஷமே சொன்னான். உன் கை பட்டா சரியாயிடுது. நல்ல கைராசியைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பெரியக்கா நேரே வாசலுக்குப் போய், பெட்டிகளை வேனிலிருந்து இறக்கித் தெருவில் போட ஆரம்பித்தாள். கடை மானம் போகிறதே என்று அண்ணன் குறுக்கே வந்தார்.

"அவர் தொடை போச்சு, அது பரவாயில்லையா? தள்ளு அண்ணா. இல்லைன்னா அடுத்த பெட்டி உன் கால்மேலதான் விழும்."

அவர் தள்ளி நின்றார்.

அந்த ரகத்தில் ஒரு வருஷமாக முகாம்களுக்கு விற்றுப் போனவை முப்பதுக்கு மேல் இருக்கும். முகாம் முகாமாகத் தொலைபேசியில் அழைத்து, தன் கையெழுத்துள்ள எந்த ஸ்கோப்பையும் நம்பி வெளியே போக வேண்டாம் என்றாள். காரணம் கேட்டவர்களிடம், சோதித்தவள் முட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கடைசி முகாமில் எடுத்தவர், இரண்டு பேர் அந்த ஸ்கோப்போடு விடியற்காலையிலேயே காட்டுக்குள் கிளம்பிவிட்டார்கள், அங்கே தொலைபேசி எடுக்காது என்றார்.

காலியான வேனில் ஏறி ஓட்டுநரைக் கிளப்பச் சொன்னாள். எந்தப் பாதை என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் மறுபக்கக் கதவு திறந்தது. ஊன்றுகோல் முதலில் உள்ளே வந்தது, பிறகு தையல் போட்ட கால்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றார் காவலர். "வழி எனக்குத்தான் தெரியும். நகருங்க."