புரட்டி மாட்டிய கதவு

பன்னிரண்டு வருடங்களாக அவள் அந்தக் கதையைத்தான் சொல்லி வந்தாள். வணிகர் ஒருவரின் பழைய மாளிகை அது, இப்போது காட்சிக்கூடம். பார்க்க வருகிறவர்களை மாடிக்கு அழைத்துப்போய், ஓர் அறைக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் காட்டுவாள். "மகளுக்குப் பைத்தியம்னு சொல்லி இங்கதான் பூட்டி வெச்சாங்களாம்." கேட்டவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

அன்று விடுமுறை. அந்தக் கதவின் அரித்துப்போன அடிச்சட்டத்தைச் சரிசெய்யத் தச்சர் வந்திருந்தார்.

"அண்ணே, போற வழியில நம்ம வீட்டுக்கும் ஒரு எட்டு வாங்க. பொண்ணு ரூம் தாழ்ப்பாளைக் கழட்டணும். பதினாலு வயசுல மகாராணிக்குத் தனி அந்தப்புரம்! கொழுந்தனார் வந்து தங்குனதுலருந்து பூட்டிக்கிட்டே கிடக்கா. மனுஷன் என்ன நினைப்பாரு?"

"கழட்டிட்டாப் போச்சு." கதவை இறக்கிச் சாய்த்தவர், விளிம்பைத் தடவிவிட்டுச் சிரித்தார். "பழுதுபார்த்த புண்ணியவான் கதவைப் புரட்டி மாட்டியிருக்கான்மா. கீலோட பழைய பள்ளம் இந்த ஓரத்துல கிடக்கு பாருங்க. தாழ்ப்பாள் முன்ன இருந்தது உள்பக்கம்."

"உள்பக்கமா?"

அவர் வண்ணத்தைச் சுரண்டினார். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த துளைகள், ஒன்றுக்கு மேலே ஒன்றாக. "ஒண்ணு இல்ல, அஞ்சு தாழ்ப்பாள். கீழ இருக்கிறதுதான் பழசு. சின்னப் பிள்ளைக்கு எட்டுற உயரம். வளர வளர மேல போயிருக்கு."

கதவைத் திருப்பி, அந்தக் காலத்தில் வெளிப்பக்கமாக இருந்ததைப் பார்த்தார்கள். வளர்ந்த ஆணின் தோளுயரத்தில் பலகை உள்வாங்கி விரிசல் விட்டிருந்தது.

அறையில் காற்றில்லை. ஆனாலும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடங்களாக அவள் சொன்ன கதையை உள்ளிருந்து கேட்டபடியே நின்றிருக்கிறாள் அந்தப் பெண். போன வாரம் மகள் கேட்டது நினைவில் எழுந்தது. "சித்தப்பா எப்பம்மா போவாரு?" அதற்குத் தான் சொன்ன பதிலும்: "வாய மூடு."

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "என்ன அண்ணி, இன்னைக்கு சீக்கிரமே?" என்றான் கொழுந்தன்.

மகளின் கதவைத் தட்டினாள். உள்ளே புத்தகப் பக்கம் புரளும் சத்தம் சட்டென்று நின்றது.

"நான்தான்டி. அம்மா."

தட்டிய கை தன்னுடையதுதானா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து, அவனைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"எதுக்கு அண்ணி? என்ன விளையாட்டு இது?"

"இப்பவே."

அவன் எழுந்தான், முனகினான், போனான். வாசல் கதவை அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. அதன் பிறகும், முதுகுக்குப் பின்னால், தாழ்ப்பாள் அசையவில்லை.